போமலின் நிரப்பிய போத்தல்கள்: சூலகக் கட்டிக்குச் சரிவருமா?

யாழ்ப்பாணத்து மருத்துவப் பொருள் கடைகளில் விற்கும், வெட்டியெடுத்த இழையத்தைக் கெடாமல் வைக்கும் போமலின் திரவம் நிரப்பிய மாதிரிப் போத்தல்களில் இரண்டு அளவுகளைப் பார்த்தோம். 60 மில்லிலீற்றர் போத்தலை நம்பி வாங்கலாம். 1 லீற்றர் போத்தல் சூலகக் கட்டிக்கு வேண்டாம்.

சின்னதில் 30 மில்லி திரவம் இருக்கிறது. இழையத்தைப் போல 10 மடங்கு போமலின் என்ற கணக்கில் 3 கிராம் வரை போடலாம். சோதனைக்காகச் சிறிதாய் எடுக்கும் பயொப்சித் துண்டுக்கு அது தாராளம். மூடி இறுக்கம், பருத்தித்துறையில் இருந்து பஸ்ஸில் வந்தாலும் கசிவில்லை. அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் 7ஐ ஒட்டி, நடுநிலையில் நிற்கிறது. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பி.எச். மாறாமல் காக்கும் பபர் உப்புகள் சேர்க்காத போமலினில் நாள்போக்கில் போமிக் அமிலம் உண்டாகும். இரத்தம் ஊறிய கட்டியில் கபில நிறப் படிவு விழும், டி.என்.ஏ. சிதையும், பிறகு அந்த இழையத்தை மெழுகில் பதித்த பரபின் புளொக்கில், பரம்பரைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை சரிவராது.

1 லீற்றர் போத்தலின் வில்லங்கம் அதன் வாய். பச்சைச் சூலகத்தை அமத்தினால் உள்ளே போய்விடும். விறைத்த பிறகு வெளியே வராது, போத்தலைத்தான் வெட்ட வேண்டும். அமத்தும்போது கட்டியின் உறை வெடித்தால் இன்னும் கரைச்சல்: புற்றுநோய் எவ்வளவு பரவியது என்று வகுக்கும் 2014 பிகோ (சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் சம்மேளனம்) நிலைப்பிரிப்பில், சத்திரசிகிச்சையின்போது வெடித்தால் 1சி1, அதற்கு முன்பே வெடித்திருந்தால் 1சி2. போத்தல் வாயில் வெடித்ததை நோயியல் வைத்தியர் எதில் சேர்ப்பார்?

போமலின் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் ஊறும். முழுக் கட்டியை அப்படியே போட்டு வைத்தால், எங்கள் ஊர் வெக்கையில் நடுப்பகுதி பழுதாகிவிடும், கட்டியின் வகையை அறியப் போடும் பி53, டபிள்யூ.ரி.1 சாயங்களும் அங்கே ஒழுங்காகப் பிடிக்காது. அகன்ற வாய் வாளியில் உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். வெளிப்புறத்தைப் பார்த்துக் குறித்த பின், 1 சென்ரிமீற்றர் இடைவெளியில் கீறுவது அவர்கள் வேலை. தியேட்டரில் கத்தி வைக்க வேண்டாம்.

ஆராய்ச்சிக்காக இழையத்தை உறைய வைத்துச் சேமிக்கும் இழைய வங்கிக்கு இரண்டு போத்தலுமே உதவாது. உறைய வைக்கும் துண்டில் போமலின் படவே கூடாது. நோய்நிர்ணயத்துக்கு வேண்டியதை எடுத்த பிறகு, மிஞ்சியதில் அழுகாத பகுதியில் அரை சென்ரிமீற்றர் துண்டு போதும். திரவ நைதரசனில் உறைய வைத்து −80 பாகையில் சேமிக்கலாம். வெளியே எடுத்து 30 நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. நோயாளியின் எழுத்துச் சம்மதம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

பெரிய வாளிக்குத் திரவத்தை நீங்களே கலக்கலாம். 1 லீற்றருக்கு 40 சதவீதப் போமல்டிகைட்டு 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, சோடியம் இருஐதரசன் பொசுபேற்று 4 கிராம், இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 6.5 கிராம். கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீரில் உள்ள கல்சியம் பொசுபேற்றோடு சேர்ந்து வெள்ளையாய்ப் படியும்.

போத்தலோடு வரும் லேபிள் மூடியில் ஒட்டியிருக்கிறது. மூடிகள் மாறும். போத்தலின் உடம்பில் வேறு லேபிள் ஒட்டிப் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை போமலின் பட்டால் கரையும்.