பரிசோதனை அறை அருமை, மொழிபெயர்ப்பு கவலை: வளாக ஆதரவு மையம் ஒன்றின் மதிப்பீடு

பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவர்களுக்கான பல்கலைக்கழக ஆதரவு மையம் இது. ஐந்துக்கு மூன்று தருகிறோம்.

உள்ளே போனதும் யாரும் மதத்தைக் கேட்பதில்லை. "உடை, உணவு, வழிபாடு எதிலாவது நாங்கள் பார்த்து நடந்துகொள்ள வேண்டியது உண்டா?" என்கிறார்கள். ஒரே மதத்து இருவர் ஒரே மாதிரி வாழ்வதில்லை என்பது புரிந்தவர்களின் கேள்வி அது.

மருத்துவப் பரிசோதனைதான் இங்கே சிறப்பு. பெண் மருத்துவர் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்கிறார்கள். பார்க்க வேண்டிய பகுதியில் மட்டும் துணியை விலக்குகிறார்கள், மற்றதெல்லாம் போர்வைக்குள். "போதும்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துகிறார்கள். நடந்ததும் குளித்துவிட வேண்டும் என்ற தவிப்பு பலருக்கு வரும். சிலருக்கு அது வழிபாட்டுக் கடமையும்கூட. குளித்தால் தடயம் போய்விடுமே என்று இங்கே அதட்டுவதில்லை. தடய மாதிரி எடுக்கலாமா என்று முதலில் கேட்டு, எடுத்த கையோடு குளியலறையும் மாற்றுடையும் தருகிறார்கள். கழற்றிய துணி காகித உறைக்குள் போகிறது. பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் மரபணுத் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். நோன்பிருப்பவருக்கு முதல் வேளையைத் தள்ளிப்போட முடியாததை விளக்கிவிட்டு, அடுத்த வேளைகளை ஸஹர் (விடியலுக்கு முந்தைய உணவு), இஃப்தார் (நோன்பு திறப்பு) நேரத்தோடு பொருத்துகிறார்கள்.

வீட்டார் கன்னித்தன்மைச் சான்றிதழ் கேட்டால் மறுத்துவிடுகிறார்கள். சரியான செயல்: அந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது.

இனி குறைகள். மொழிபெயர்ப்பாளர் அதே ஊர், அதே சமூகம். மாணவியின் சித்தப்பாவுக்குத் தெரிந்தவராகவும் இருக்கலாம் என்ற பயத்தில் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். வெளியூர்க்காரரைத் தொலைபேசியில் பிடித்து, மாணவியின் பெயர் சொல்லாமல் பேசவைத்தாலே போதும். தமிழ்ப் படிவத்திலோ இன்னும் "கற்பழிப்பு" என்றே அச்சாகியிருக்கிறது. குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, அவளிடம் ஏதோ அழிந்துபோனதாகச் சொல்லும் சொல் அது. "பாலியல் வன்கொடுமை" என்று மாற்ற எத்தனை நேரம் ஆகும்? படிவம் முழுக்க "அவள்" வேறு. ஆண் மாணவன் எங்கே எழுதுவான்?

சமயப் பெரியவர்கள் பட்டியல் ஒன்றும் தருகிறார்கள். பயிற்சி எதுவும் கொடுக்காததால், "மன்னித்துவிடு" என்றே தொடங்குபவரும் அதில் உண்டு.

வீட்டாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றால், போகிறவர்கள் முன்பதிவின்போதே இரண்டைக் கேட்டுவிடுங்கள்: குறுஞ்செய்தியில் மையத்தின் பெயர் வருமா, காப்பீட்டு ரசீது யார் முகவரிக்குப் போகும்.