சிபில் அறிக்கையைத் திருத்தும் சேவை: எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது

நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வங்கிகளுக்குத் தரும் நிறுவனம் சிபில். அதன் அறிக்கையில் பிழை இருந்தால், சிபில் தளத்தில் புகார் தரக் கட்டணம் கிடையாது. முழு அறிக்கையும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். பிழையுள்ள கணக்கைத் திறந்து, தவறான கட்டத்தை மட்டும் குறித்தால் போதும். இதுவரை நன்றாகவே இருக்கிறது.

சிக்கல் அடுத்த படியில். சிபில் தானாக ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. கடன் தந்த வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் பாக்கி இல்லை என்று வங்கி தந்த தடையில்லாச் சான்று, கடைசித் தவணை ரசீது இரண்டையும் இணைத்து அதே நாளில் வங்கியிலும் எழுத்தில் கொடுங்கள். முழுதாகக் கட்டிய கடன் 'செட்டில்டு' என்று விழுந்திருந்தால் விடவே கூடாது: குறைத்துப் பேசி முடித்தவர் என்றுதான் அடுத்த வங்கி படிக்கும். கடன் முடிந்து பத்து நாள்தான் ஆகிறதா? பொறுங்கள், வங்கியிலிருந்து சிபிலுக்குத் தரவு உடனுக்குடன் போவதில்லை, குறித்த இடைவெளியில்தான் போகிறது.

ரிசர்வ் வங்கி விதித்த கெடு 30 நாள். அதில் வங்கிக்கு 21. 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு, ஆகவே புகார் எண்ணைத் தொலைக்காதீர்கள். சிபில் போலவே கடன் அறிக்கை தரும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நிறுவனங்களின் அறிக்கைகளையும் பாருங்கள். சிபிலில் திருந்தியது அங்கே பழையபடியே கிடக்கலாம்.