கடலுக்கு எந்த டார்ச் லைட்: பேட்டரி செல்லைக் கழற்றும் வகையா, துளை வைத்த வகையா?

ராத்திரி வலை விடும் நாட்டுப்படகில் டார்ச் லைட்டுக்கு மூன்று வேலை இருக்கிறது. வலையின் முனையில் கிடக்கும் போயாவை, அதாவது மிதவையை, தேடிப் பிடிப்பது ஒன்று. விசைப்படகோ கப்பலோ நம் பக்கம் திரும்பினால், இங்கே ஆள் இருக்கிறோம், வலை கிடக்கிறது என்று காட்டுவது இன்னொன்று. எஞ்சின் நின்றாலோ தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் கயிறு சுற்றினாலோ குனிந்து பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வேலைக்குத் தலையில் மாட்டும் சின்ன லைட்டே போதும். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். முதல் இரண்டுக்கும்தான் தூரமாக அடிக்கிற, சார்ஜ் ஏற்றுகிற பெரிய டார்ச் வேண்டும். பாக் நீரிணையில் தொழிலுக்குப் போகும் எங்கள் ஃபைபர் படகுக்குப் புதிதாக ஒன்று வாங்க வேண்டி வந்தபோது அலசிப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கடைகளில் மூன்று ரகம் கிடைக்கிறது. கைப்பிடியும் பெரிய கண்ணாடியும் வைத்து, உள்ளே ஈய பேட்டரி போட்ட பிளாஸ்டிக் லைட் ஒன்று. லித்தியம் பேட்டரியை உள்ளேயே பூட்டி, உடம்பில் டைப்-சி துளை வைத்து போன் சார்ஜரிலேயே ஏற்றும் வகை இரண்டாவது. பின்மூடியைத் திருகிக் கழற்றி, செல்லை வெளியே எடுத்துத் தனி சார்ஜரில் போடும் அலுமினிய டார்ச் மூன்றாவது. நாங்கள் வாங்கியது மூன்றாவது. இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஈய பேட்டரி லைட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைவு, எந்த ஊர் எலெக்ட்ரிக் கடையிலும் பேட்டரி மாற்றித் தருவார்கள். ஆனால் கனம் அதிகம், அலை ஏறி அடித்தால் சுவிட்ச் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அதைவிட, சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து பேட்டரி செத்துவிடும். வாடைக் காற்று மாதங்களில் படகை மேலே ஏற்றிப் போட்டுவிட்டு லைட்டை மறந்தோம் என்றால், திரும்ப எடுக்கும்போது பத்து நிமிஷம் கூட எரியாது. கரையில் வலை பின்னும் இடத்துக்குச் சரி, கடலுக்கு வேண்டாம்.

வெளிச்சம் எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லூமென் என்பது டார்ச் கொட்டும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது கேண்டெலா. கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வந்துவிடும். 40,000 கேண்டெலா என்றால் 400 மீட்டர். ஆனால் அந்த 400 மீட்டரில் விழும் வெளிச்சம் வெறும் கால் லக்ஸ்தான், பௌர்ணமி நிலவு அளவு. போயாவைப் பார்த்து இது நம்முடையதுதான் என்று அடையாளம் காண, அதில் பாதிக்கும் குறைவான தூரம்தான் கைகொடுக்கும். அகலமாகப் பரவும் 3,000 லூமென் டார்ச்சைவிட, ஒடுங்கி அடிக்கும் 1,000 லூமென் கடலில் மேல். பரந்த வெளிச்சம் காற்றில் பறக்கும் திவலையில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும். போயாக் கம்பில் ஒளி திருப்பும் பட்டையை ஒட்டிவிட்டால் சுமாரான டார்ச்சிலேயே தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும். டார்ச்சைக் கண் பக்கத்தில் பிடித்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் இரண்டாவது ரகத்துக்கும் மூன்றாவது ரகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல டார்ச் இரண்டிலும் இருக்கிறது.

வித்தியாசம் அந்தத் துளையில் இருக்கிறது.

டைப்-சி துளையை ஒரு ரப்பர் மூடி மறைத்திருக்கும். வாங்கிய புதிதில் அது கச்சிதமாக உட்காரும். தினமும் நகத்தால் நெம்பித் திறந்து மூடும்போது நாளடைவில் ஓரம் தளர்ந்து, ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்வைக்கு மூடித்தான் இருக்கும். திறந்து பார்த்தால் மூடியின் உள்பக்கம் ஈரம் பூத்திருக்கும். துளைக்குள் இருக்கும் நாக்கில் பொன்னிறம் போய்ப் பச்சைப் பாசி மாதிரி ஏதோ படிந்திருக்கும். அந்த ஈரத்தோடு சார்ஜரைச் சொருகினால் சேதம் இன்னும் வேகமாக நடக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஐந்து வோல்ட் வந்தவுடன் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையே மின்சாரம் ஓடி, உலோகத்தை அரித்துவிடும். துளை கெட்டால் சார்ஜ் ஏறாது. சார்ஜ் ஏறாவிட்டால், உள்ளே பூட்டிய பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் டார்ச் குப்பைக்குத்தான். எங்கள் கரையில் வீணாய்ப்போன லித்தியம் டார்ச்சுகளில் பல்பு போனது என்று நான் பார்த்ததே இல்லை. போனது எல்லாம் இந்த வாய்தான்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்8 என்று தண்ணீர் தாங்கும் தரக்குறி போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். அந்தச் சோதனை சாதாரணத் தண்ணீரில் நடப்பது. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஐபிஎக்ஸ்8 அதைவிடக் கடினம், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். புது டார்ச் ஒருமுறை முழுகினால் தாங்குமா என்பதற்குத்தான் அது பதில். உப்பு மாதக்கணக்கில் செய்யும் வேலைக்கு அதில் பதில் இல்லை.

செல்லைக் கழற்றும் வகையில் உடம்பில் ஓட்டையே கிடையாது. தண்ணீர் புகக்கூடிய இடம் பின்மூடி மரையும், முன் கண்ணாடி விளிம்பும், சுவிட்ச் ரப்பரும்தான். மரையில் ஒரு கறுப்பு ஓ-ரிங் இருக்கும். பராமரிப்பு என்றால் அந்த வளையத்தைப் பார்த்துக்கொள்வதுதான். கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் டார்ச்சை நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூடியைத் திருகிச் செல்லை எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஓ-ரிங்கில் மணலோ முடியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் கொஞ்சமாகத் தடவினால் போதும். எஞ்சின் கிரீஸைத் தடவாதீர்கள், சில ரப்பர் அதில் உப்பிப் பிய்ந்துபோகும். வளையம் அறுந்தால் சில ரூபாயில் அதே அளவு கிடைக்கும், நாமே மாட்டிக்கொள்ளலாம். எஃகு கிளிப் வைத்த டார்ச்சாக இருந்தால் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும்.

இன்னொரு லாபம், உபரிச் செல். விடிவதற்கு முன்னால் வலையைப் படகுக்கு இழுத்து வாங்கும் நேரத்தில் வெளிச்சம் மங்கினால் வேறு செல்லைப் போட்டு உடனே தொடரலாம். கை ஈரமாக இருக்கும்போது மாற்றுவது சிரமம் என்பது உண்மை. துணியில் துடைத்துக்கொண்டு, குனிந்து, திவலை படாமல் மாற்ற வேண்டும். உபரிச் செல்லை பிளாஸ்டிக் டப்பாவில் மட்டுமே வையுங்கள். சாவி, சில்லறையோடு பையில் கிடந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

செல்லை வாங்கும்போது ஏமாற்று அதிகம். செல்லின் மேல் இருக்கும் எண் அதன் அளவு: 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 21700 என்றால் 21க்கு 70. செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதை எம்ஏஎச் கணக்கில் சொல்வார்கள். நல்ல 18650 செல்லில் 3,500 எம்ஏஎச் சுற்றுவட்டாரம்தான் இருக்கும், நல்ல 21700 செல்லில் 5,000. 18650 மேல் 9,900 என்று அச்சடித்திருந்தால் அது பொய், தொடாதீர்கள். எடை போட்டாலே பிடிபடும்: அசல் 18650 நாற்பத்தைந்து கிராம் பக்கம் இருக்கும், 21700 எழுபது கிராம் பக்கம். போலி லேசாக இருக்கும். சாம்சங், எல்ஜி, பானாசோனிக் செல்களுக்கே போலி வருகிறது, அதனால் பெயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். நாங்கள் 21700 எடுத்தோம். காற்று மாதங்களில் சும்மா கிடக்கும்போது பாதி சார்ஜில் கழற்றி வைக்கலாம், லித்தியத்துக்கு அதுதான் நல்லது.

துளை வைத்த வகைக்கும் நியாயம் உண்டு. படகில் ஜிபிஎஸ்ஸுக்கும் வாக்கிக்கும் 12 வோல்ட் பேட்டரி இருந்தால், கடலிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு ராத்திரி போய் விடியலில் திரும்பும் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பல நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்யும் தங்கு கடல் போகிறவர்களுக்குக் கணக்கு மாறலாம். அந்தத் தொழிலில் எனக்குப் பழக்கம் குறைவு. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சார்ஜர் வைத்தவையும் வந்திருக்கின்றன. அவற்றில் துளை இல்லை, வெளியே இரண்டு உலோகப் புள்ளிதான். பக்கத்துப் படகில் ஒன்றைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஒரு பருவம் பார்த்ததை வைத்து அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை.

வாங்கும்போது சுவிட்சையும் கவனியுங்கள். ஒரு அமுக்கில் எரிய வேண்டும். வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் தவறுதலாக வந்துவிடும் டார்ச் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 36வது விதி, மற்றவர் கவனத்தை ஈர்க்க ஸ்ட்ரோப் போன்ற விளக்குகளைத் தவிர்க்கச் சொல்கிறது. அதே விதி, ஆபத்து இருக்கும் திசையில் ஒளிக்கற்றையைக் காட்டலாம், ஆனால் பிற கலத்துக்கு இடைஞ்சல் ஆகாமல் காட்ட வேண்டும் என்கிறது. விசைப்படகு ஓட்டுகிறவர் கண்ணில் அடித்தால் அவருக்கு நம் வலையும் தெரியாது, நாமும் தெரிய மாட்டோம். முதலில் நம் படகின் முன்பக்கமான அணியத்தின் மேலும் ஆட்கள் மேலும் வெளிச்சத்தை விழவிட்டு, பிறகு வலை கிடக்கும் பக்கம் நீட்டிக் காட்டுங்கள். டார்ச்சின் வாலில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், அலுமினியம் மிதக்காது.