பருத் தழும்புக்கு லேசர்: மூன்று சிட்டிங் முடிந்த பிறகு

கல்லூரிக் காலத்துப் பருக்கள் இரு கன்னங்களிலும் விட்டுச்சென்ற குழிகளுக்காக, சென்னையில் தோல் மருத்துவர் ஒருவர் தனியாக நடத்தும் சிறிய கிளினிக்கில், எட்டு மாதங்களில் மூன்று முறை ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். ஒரு சிட்டிங்குக்கு 7,500 ரூபாய். களிம்பும் மாத்திரையும் தனிக் கணக்கு. இதற்கு முன்பு பளபளப்பான வேறொரு இடத்துக்குப் போயிருந்தேன். அங்கே என் முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஆலோசகர், ஆறு சிட்டிங் அடங்கிய பேக்கேஜுக்கு அன்றே பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார். மருத்துவர் எங்கே என்று கேட்டதற்கு, சிகிச்சை நாளன்று வருவார் என்று பதில் வந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கிளினிக்கில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் நாள்தான். மருத்துவர் அறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு சிறு விளக்கைப் பிடித்து, கன்னத்தை இரு விரல்களால் இழுத்து இழுத்துப் பார்த்தார். இழுத்தால் மறையும் அகலமான பள்ளங்கள் ஒரு வகை, விளிம்பு தெளிவாகத் தெரியும் குழிகள் இன்னொரு வகை, ஊசியால் குத்தியதுபோல் ஆழமாக இறங்கியவை மூன்றாவது வகை என்று பிரித்துக் காட்டினார். ஊசிக் குழிகளை லேசர் மட்டும் சரிசெய்யாது என்றும், அவற்றில் டிசிஏ எனப்படும் ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைத் துளித்துளியாக ஒற்ற வேண்டியிருக்கும் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எப்போது நிறுத்தினீர்கள், உதட்டோரம் அக்கி வந்ததுண்டா, காயம் பட்டால் தழும்பு தடித்து வளருமா என்றெல்லாம் கேட்டார். தாடையோரம் ஒரு சிறு இடத்தில் மட்டும் சோதனையாக லேசர் வைத்து, நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார். அவசரப்பட்டது நான்தான்.

இந்த லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அந்த ஒளியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். தோலில் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர் என்பதால், ஒளி பட்ட இடம் நொடிப்பொழுதில் ஆவியாகிவிடுகிறது. இவ்வகை லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய குமார் பட்டேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். பழைய முறையில் முகத்தின் மேல்தோலை முழுவதுமாகச் சீவி எடுத்ததால், புண் ஆற வாரக்கணக்கில் ஆனது; நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நிறம் கெட்டுப்போகும் ஆபத்தும் அதிகமாக இருந்தது. 2004-இல் முன்வைக்கப்பட்ட ஃப்ராக்‌ஷனல் முறையில், முடியளவு தடிமனுள்ள துளைகளை மட்டும் இட்டு, இடையிலுள்ள தோலைத் தொடாமல் விடுகிறார்கள். அந்தத் தொடாத தோலிலிருந்துதான் காயம் விரைவாக ஆறுகிறது.

மரத்துப்போகும் களிம்பைத் தடவி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கண்களுக்கு உலோக மூடி போட்டபின், டக் டக் என்ற ஓசையும், புகையை உறிஞ்சும் குழாயின் இரைச்சலும், முடி தீய்ந்ததுபோன்ற வாடையும் மட்டுமே எனக்குத் தெரிந்தன. கன்னத்தில் தாங்கிக்கொள்ளலாம், மேலுதட்டுக்கு அருகே கடுகு தெறித்ததுபோல் சுரீரென்றது. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. எரிச்சல் அன்று இரவு வரை இருந்தது.

மறுநாள் முகம் வீங்கிச் சிவந்தது. மூன்றாம் நாள் காபித்தூளைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தோன்றி, தொட்டால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரத்தது. பிய்க்கக் கூடாது, வாசலின் தடவிக் காத்திருக்க வேண்டும். ஏழாம் நாள் எல்லாம் தானாக உதிர்ந்தது. மஞ்சளும் கடலைமாவும் பூசச் சொல்லிக்கொண்டே இருந்த அத்தையைச் சமாளித்ததுதான் அந்த வாரத்தின் பெரிய வேலை.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது சிட்டிங் முடிந்த பத்தாம் நாள், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக உச்சிவெயிலில் ஸ்கூட்டரில் போனேன். காலையில் ஒருமுறை பூசிய சன்ஸ்கிரீன் போதும் என்று நினைத்தது என் தவறு. இடது கன்னம் கறுத்து, பழைய நிறத்துக்கு வரக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆனது. அதனால் அடுத்த சிட்டிங்கும் தள்ளிப்போனது. வெயிலில் போகாதீர்கள் என்று சொன்னவர்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. கையில் கொடுத்த தாளில் அது இருந்தது. ஆனால் தாள் முழுக்கப் பொடி எழுத்தில் ஆங்கிலம். அடுத்த முறை காத்திருந்தபோது, மகளை அழைத்து வந்திருந்த ஓர் அம்மா, அதே தாளை என்னிடம் நீட்டி, "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். வரவேற்பில் இருந்தவரிடம் இதைத் தெரிவித்தபோது, பார்க்கலாம் மேடம் என்றார். மூன்றாவது முறையும் அதே தாள்தான்.

பலனைப் பொறுத்தவரை, அகலமான பள்ளங்கள் பாதிக்குமேல் நிரம்பிவிட்டதாக என் கண்ணுக்குத் தெரிகிறது. மாலை நேரத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணாடி பார்க்க இப்போது தயங்குவதில்லை. ஊசிக் குழிகள், மருத்துவர் சொன்னபடியே, ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. நான்காவது சிட்டிங்குக்கு நாள் குறிக்கலாமா என்று கேட்டேன். உள்ளே தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாக இன்னும் சில மாதங்கள் பிடிக்கும், மூன்று மாதம் கழித்து வாருங்கள், அதே சிறு விளக்கில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தேவையா என்று சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.