ஒரே ஃபோல்டருக்கு நான்கு பெயர்: விண்டோஸில் ஷெல் ஸ்கிரிப்டும் பாதை மாற்றமும்

சி டிரைவில் 'பணி' என்று ஒரு ஃபோல்டர். விண்டோஸுக்கு அது சி:\பணி. லினக்ஸ் பாணிக் கட்டளைகளை விண்டோஸில் ஓட்ட உதவும் மூன்று கருவிகளில் இந்த முகவரி, அதாவது பாதை, வேறு வேறு: கிட் பேஷில் /சி/பணி, சிக்வின்னில் /சிக்டிரைவ்/சி/பணி, டபிள்யூஎஸ்எல்லில் /எம்என்டி/சி/பணி. அணியில் சிலர் லினக்ஸ், சிலர் மேக், மீதிப் பேர் விண்டோஸ் என்றால், ஒரே பேஷ் ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகள் எழுதிய ஃபைல்) இத்தனை பெயர்களையும் சமாளிக்க வேண்டும். (பேக்ஸ்லாஷ் எங்கிருந்து வந்தது என்றால், 1983இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, சாதாரண ஸ்லாஷ் ஏற்கெனவே கட்டளைகளின் ஆப்ஷன்களுக்குப் போய்விட்டிருந்தது. அந்த வினையைத்தான் இன்னும் அனுபவிக்கிறோம்.)

கிட் பேஷ் உங்களைக் கேட்காமலே மாற்றிக் கொடுக்கும். விண்டோஸ் நிரல் ஒன்றை அழைக்கும்போது, ஸ்லாஷில் தொடங்கும் எதைப் பார்த்தாலும் "இது பாதைதான்" என்று முடிவு கட்டி விண்டோஸ் வடிவத்துக்குத் திருப்பிவிடும். பத்தில் ஒன்பது முறை இது வரம். பத்தாவது முறைதான் தலைவலி. நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்கு, அந்தக் கன்டெய்னருக்குள் இருக்கும் /ஆப் என்ற ஃபோல்டரைச் சொல்கிறீர்கள்; போய்ச் சேருவதோ சி:/புரோகிராம் ஃபைல்ஸ்/கிட்/ஆப்.

அதைவிடக் குழப்பமானது விண்டோஸின் சொந்தக் கட்டளை நிரலான சிஎம்டியை, ஒரு கட்டளையை ஓட்டிவிட்டு முடியச் சொல்லும் /சி ஆப்ஷனோடு அழைப்பது. ஒற்றை எழுத்து என்பதால் கிட் பேஷ் அதை டிரைவ் என்று எடுத்துக்கொள்ளும். ஆப்ஷன் காணாமல் போக, சிஎம்டி தன் வரவேற்பு வரிகளைக் காட்டிவிட்டுச் சும்மா காத்திருக்கும். என் ஸ்கிரிப்ட் ஒன்று இப்படி நின்றபோது, நெட்வொர்க்தான் மெதுவோ என்று அரை மணி நேரம் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். //சி என்று இரட்டை ஸ்லாஷ் போட்டால் தீர்ந்தது. எம்சிஸ்_நோ_பாத்கான்வ்=1 என்ற மாறியை வைத்து மாற்றத்தையே நிறுத்தவும் முடியும். ஆனால் அதை ஸ்கிரிப்டின் தலையில் எக்ஸ்போர்ட் செய்து எல்லா வரிகளுக்கும் பொருந்த விட்டுவிடாதீர்கள். மாற்றம் உண்மையிலேயே தேவைப்படும் வரிகளும் உடையும். எந்த வரிக்கு வேண்டுமோ அந்த வரியின் முன்னால் மட்டும் வையுங்கள்.

சிக்வின் நேர் எதிர். பாத் (நிரல்களைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) போன்ற சில சூழல் மாறிகளைத் தானே மாற்றித் தரும், நிரலுக்கு நீங்கள் கொடுக்கும் ஆர்கியுமென்ட்களைத் தொடாது. மாற்ற வேண்டுமா, சிக்பாத் என்று நீங்கள்தான் அழைக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் தட்டச்சு, ஆனால் எது எப்போது மாறுகிறது என்பது கண்ணெதிரே இருக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும். இதன் -டபிள்யூ (விண்டோஸ் வடிவம்), -யூ (யூனிக்ஸ் வடிவம்) ஆப்ஷன்களைப் பலரும் அறிவார்கள். -எம் தான் கவனிக்கப்படாத முத்து. அது சி:/பணி என்று, டிரைவ் எழுத்தும் நேர் ஸ்லாஷுமாகத் தரும். பெரும்பாலான விண்டோஸ் நிரல்கள் இதை ஏற்கும். செட் (உரையை மாற்றும் கட்டளை), ஜேசான் (தரவை எழுதும் வடிவம்) எதிலும் பேக்ஸ்லாஷ் விழுங்கப்படும் பயம் இல்லை. குறை வேகம்தான். சிக்வின்னில் புது ப்ராசஸ் தொடங்குவது மெதுவானது. ஆயிரம் ஃபைலுக்கு லூப்பில் ஆயிரம் முறை சிக்பாத்தை அழைத்தால் நன்றாகவே தெரியும். பட்டியலை ஒரு ஃபைலில் எழுதி, மொத்தமாக -எஃப் மூலம் ஊட்டிவிடலாம். கிட் பேஷிலும் சிக்பாத் உண்டு என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

டபிள்யூஎஸ்எல்லில் அந்த வேலைக்கு டபிள்யூஎஸ்எல்பாத். 2018இல் வந்தது, ஆப்ஷன் எழுத்துகளும் ஏறக்குறைய அவையே. ஆனால் பழைய பதிப்புகளில், இன்னும் உருவாகாத ஃபைலின் பாதையைக் கொடுத்தால் பிழை காட்டி நிற்கும். அவுட்புட் ஃபைலுக்கு இது பெரிய இடைஞ்சல். தாய் ஃபோல்டரை மட்டும் மாற்றி, பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்வதே வழி. இன்னொன்று: லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு சிஎம்டியை அழைத்தால், யூஎன்சி பாதையில் (டிரைவ் எழுத்து இல்லாமல் இரட்டை பேக்ஸ்லாஷில் தொடங்குவது) நிற்கத் தெரியாமல் அது விண்டோஸ் ஃபோல்டருக்குப் போய்விடும்.

மூன்றையும் பழகிய பிறகு நான் முதலில் தேடுவது, மாற்றமே தேவைப்படாத வழியை. ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கு சிடி கட்டளையால் போய்விட்டு, அங்கிருந்து உறவுப் பாதைகளை (நிற்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்குபவை) மட்டும் பயன்படுத்தினால், டிரைவ் என்ற பேச்சே எழாது. முழுப் பாதை கேட்கும் நிரல்களுக்கு மட்டும் ஒரு சின்ன ஃபங்ஷன்: சிக்பாத் இருக்கிறதா, அதை -எம் உடன் அழை, இல்லையா, டபிள்யூஎஸ்எல்பாத் இருந்தால் அதை அழை, இரண்டும் இல்லையென்றால் வந்ததை அப்படியே திருப்பிக் கொடு. மேக்கும் லினக்ஸும் கடைசிக் கிளையில் அடங்கிவிடும். திருப்பிக் கொடுக்கும்போது, அச்சடிக்கும் கட்டளைகளில் எக்கோ வேண்டாம், பிரின்ட்எஃப் போடுங்கள். சில ஷெல்களில் எக்கோவானது சி:\டெம்ப் என்பதில் பேக்ஸ்லாஷும் 'டி' எழுத்தும் சேர்ந்ததை டேப் இடைவெளியாக அச்சடித்துவிடும்.