நாய் வளர்ப்பவர்கள் வேலிச்செடி வாங்கும் முன் படியுங்கள்: என் 1,680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போன கதை

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு எங்கள் நாய் கருப்பி கேட்டோரம் நின்று வாந்தி எடுத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தால் மஞ்சள் நுரைக்கு நடுவே பாசிமணி மாதிரி ஏழெட்டு ஆரஞ்சுக் காய். எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டியதில்லை. தலைக்கு மேலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கியது, நான் 1,680 வெள்ளி கொடுத்து நட்ட வேலியில்.

பிழைத்துவிட்டாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று புதன், எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

சிங்கப்பூரில் எங்களுடையது சின்னத் தரைவீடு, முன்பக்கம் ஏழு மீட்டர் கம்பி வேலி. கருப்பி சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது இங்கத்து நாட்டு நாய், எதையும் வாயில் போட்டுப் பார்த்துத்தான் ஆராய்ச்சி செய்வாள். அதனால் செடி தேடும்போதே ஒரே நிபந்தனை, நாய்க்கு ஆகாதது வேண்டாம். பழையது புதியது எல்லாம் விற்கிற கைப்பேசிச் சந்தை ஒன்றில் (பெயர் வேண்டாம், எல்லார் போனிலும் அந்த மாதிரி ஒன்று இருக்கும்) ஒருவர் முராயா வேலி போட்டுத் தருவதாக விளம்பரம் வைத்திருந்தார். முராயா என்றால் வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி வாசம், நம் கறிவேப்பிலைக்குச் சொந்தக்காரச் செடி. சரி, இதுதான் நமக்கு என்று கூப்பிட்டேன்.

எடுத்தவர் தமிழில் பேசினார். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். "அக்கா, என் வீட்லயே மூணு பூனை, ஒரு நாய் இருக்கு. தின்னாலும் ஒண்ணும் ஆகாது. நம்ம ஆளுங்களுக்கு அப்படிச் செய்வேனா?" அம்மாவின் ஊரைக் கேட்டார், காங்கேயம் பக்கம் என்றதும் தன் பாட்டியும் அந்தப் பக்கம்தான் என்றார். செயலி வழியாகக் கட்டினால் 1,850, நேராக அவர் கணக்குக்குப் பேநவ் (போனிலேயே வங்கிப் பணம் அனுப்பும் வசதி) செய்தால் 1,680, அதாவது 28 செடி, மண், கூலி எல்லாம் சேர்த்துச் செடிக்கு 60 வெள்ளி. 170 வெள்ளி மிச்சம் என்று சந்தோஷமாக அனுப்பிவைத்த மகராசி நான்.

செடி இறங்கிய அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முராயா இலை கறிவேப்பிலை போல ஒரு காம்பில் வரிசையாக நிற்கும். இவர் இறக்கியதில் ஒவ்வொரு இலையும் தனித்தனி, ஓரத்தில் லேசாகப் பல் பல்லாக, தண்டில் அங்கங்கே முள். கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தேன், எலுமிச்சை வாசம் கொஞ்சமாவது வரவேண்டும், வெறும் பச்சிலை நாற்றம். கேட்டேன். "சின்னக் கன்னுல இலை இப்படித்தான்கா, வளர வளரப் பிரியும்." தினமும் கறிவேப்பிலை உருவுகிற கை இது. இந்தக் கை சொன்னதை விட்டுவிட்டு அவர் வாய் சொன்னதை நம்பினேன்.

மூன்று மாதத்தில் ஊதாப் பூ வந்தது. படம் அனுப்பினேன். "கலர் வெரைட்டிக்கா, அதுக்குத் தனியாக் காசு வாங்கலையே" என்று ஒரு சிரிப்புப் பொம்மை. அப்புறம்தான் காய்.

அன்று ராத்திரி ஏதோ தோன்றி ஒரு கிளையை ஒடித்துக் கையோடு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன், அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது. காரிலேயே அவள் தலை தொங்கிப்போனது, ஆனால் கதவு சாத்துகிற சத்தத்துக்கு உடம்பு விறைத்து உதறியது. டாக்டர் கிளையைப் பார்த்ததும் துராந்தா என்றார். இங்கே வேலியாக நிறையப் பேர் வளர்ப்பதுதான், அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருந்தால் பூவும் காயும் அவ்வளவாக வராது, விட்டால் காய்த்துக் கொட்டும். காயும் இலையும் நாய், பூனை, குழந்தை யாருக்கும் ஆகாது, வாந்தி, மயக்கம், வலிப்பு என்று போய் வயிற்றில் ரத்தம் கசிகிற வரைக்கும் கொண்டுவிடும் என்றார். டிரிப் ஏற்றி, வலிப்புக்கு மருந்து போட்டு, இரண்டு ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அந்த பில் தனி அழுகை, அதை இந்த 1,680 வெள்ளியில் சேர்க்கவே இல்லை.

திங்கள் காலை அவரைக் கூப்பிட்டேன். "வேற எதாவது தின்னிருக்கும்கா, பக்கத்து வீட்ல எலி மருந்து வெச்சிருப்பாங்க." மத்தியானம், "செடி உயிரோடதானே இருக்கு? செத்தா மாத்தித் தரேன்னுதான் சொன்னேன்." சாயங்காலம் நீல டிக் மட்டும். செவ்வாய்க்கிழமை தானாகவே ஒரு மெசேஜ், தோண்டி எடுக்க வேண்டுமென்றால் 450 வெள்ளி ஆகுமாம்! என் 1,680 வெள்ளியைக் கேட்டால் எனக்கே விலை சொல்கிறார். செயலிக்காரர்களுக்கு எழுதினேன், பணம் அவர்கள் வழியாக வராததால் ஒன்றும் செய்ய முடியாதாம், என் பொறுமைக்கு நன்றியாம். விளம்பரத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தால் 'முராயா வேலி' இப்போது 'பசுமை வேலி' ஆகியிருக்கிறது.

ஊரில் அம்மாவிடம் சொன்னேன். "நம்ம கொறங்காட்டுல (மேய்ச்சல் நிலம்) சுத்தியும் கிளுவை வேலிதான், ஆடு எட்டி எட்டிக் கடிச்சுட்டு நிக்கும், ஒண்ணும் ஆனதில்ல. நீ காசு குடுத்து வெசத்தயா நட்டு வெச்சே?" அரளியாக இருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். உண்ணிச்செடி தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டு வெயிலில் தோல் வெந்துபோவது ஊரில் தெரிந்த கதை, இங்கே அதே செடியைப் பூந்தொட்டியில் வைத்து அழகுக்கு விற்கிறார்கள், அது வேறு விஷயம்.

எந்த வேலிச்செடி நல்லது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கருப்பிக்கு மருந்து நேரம் ஆகிவிட்டது. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். துராந்தா, அரளி, மஞ்சள் அரளி, உண்ணிச்செடி, பனங்கன்று மாதிரி இருக்கும் சைகஸ் (அதன் கொட்டை நாயின் கல்லீரலையே முடித்துவிடும்), ஊதாவில் பூத்து வெள்ளையாக மாறுகிற 'நேற்று இன்று நாளை' செடி, இதெல்லாம் நாய் இருக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். மூங்கில் வைக்கலாம். செடியின் தாவரப் பெயரை பில்லில் எழுதி வாங்குங்கள், 'பெட் சேஃப்' என்று வாயால் சொல்வது செல்லாது. செயலிக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள். இலையைக் கசக்கிப் பாருங்கள்.

'முராயா 28' என்று அவரே எழுதிய வாட்ஸ்அப் என்னிடம் இருக்கிறது. பயனீட்டாளர் சங்கத்தில் கேட்டுவிட்டுச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகப் போகிறேன், 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்க முடியாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை காலையும் மாலையும் கையுறை மாட்டிக்கொண்டு 28 செடியிலும் காய் பறிக்கிறேன், கருப்பி கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்து என்னைப் பார்த்துக் குரைக்கிறாள்.