புது லன் தெரியவில்லையா: மூன்று கோடுகளா, ஸ்கிரிப்டா, லிப்பா?

ஸ்டோரேஜ் டீமிலிருந்து "லன் கொடுத்தாச்சு, பாருங்க" என்று செய்தி வரும். லன் (LUN) என்பது ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து சர்வருக்கு டிஸ்க்காக ஒதுக்கப்படும் பகுதி. லினக்ஸ் சர்வரில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) அடித்தால் பழைய டிஸ்க்குகள்தான் நிற்கும். சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஃபைபர் சேனல் நெட்வொர்க்கில், ஏற்கெனவே தெரிந்த டார்கெட்டில் (ஸ்டோரேஜ் பக்கத்துப் போர்ட்டில்) புது லன் சேர்ந்தால் கர்னல் தானாகப் போய்த் தேடாது. மிஞ்சிப்போனால், இந்த டார்கெட்டில் லன் ஒதுக்கீடு மாறிவிட்டது, தானாக மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று லாகில் ஓர் எச்சரிக்கை எழுதிவைக்கும். தேடச் சொல்ல வேண்டியது நாம்தான்.

ரீபூட் செய்தால் எல்லாம் வந்துவிடும் என்பது உண்மை. டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் ஒரு டிஸ்க்குக்காக அதைச் செய்ய எந்த அவசியமும் இல்லை.

என் முதல் தேர்வு எப்போதும் மூன்று கோடுகள். ஸிஸ் (/sys) டைரக்டரியில் ஒவ்வொரு ஸ்கஸி ஹோஸ்ட்டுக்கும், அதாவது டிஸ்க்குகளை இணைக்கும் கார்டின் ஒவ்வொரு போர்ட்டுக்கும், ஸ்கேன் என்று ஒரு ஃபைல் உண்டு. அதில் இடைவெளி விட்டு "- - -" என்று எக்கோ செய்ய வேண்டும். முதல் கோடு சேனலுக்கு, அடுத்தது டார்கெட்டுக்கு, மூன்றாவது லன்னுக்கு. கோடு போட்டால் எந்த எண்ணானாலும் சரி என்று பொருள். இதில் எனக்குப் பிடித்தது, இது சேர்க்க மட்டுமே செய்யும், எதையும் கழற்றாது. ஒரு குறிப்பிட்ட லன் மட்டும் வேண்டுமென்றால் கோடுகளுக்குப் பதில் "0 2 5" என்று எண்களையே கொடுக்கலாம். நூற்றுக்கணக்கான லன்கள் தெரியும் சர்வரில் இப்படிக் குறுக்கித் தேடுவதுதான் நல்லது. குறையும் இருக்கிறது: ஹோஸ்ட் ஹோஸ்ட்டாகச் செய்ய வேண்டும், ஃபார் லூப் போடாமல் முடியாது. எத்தனை டிஸ்க் வந்தது என்று அதுவும் சொல்லாது, நாம்தான் முன்னும் பின்னும் எல்எஸ்ஸ்கஸி (lsscsi) பட்டியல் போட்டு ஒப்பிட வேண்டும்.

அந்தச் சிரமத்தைக் குறைப்பது ரீஸ்கேன்-ஸ்கஸி-பஸ் (rescan-scsi-bus.sh) ஸ்கிரிப்ட். எஸ்ஜி3 யுடில்ஸ் பேக்கேஜோடு வரும். எல்லா ஹோஸ்ட்டையும் சுற்றிவிட்டு, புதிதாக எத்தனை, அளவு மாறியது எத்தனை, நீக்கியது எத்தனை என்று கடைசியில் கணக்கும் கொடுக்கும். அளவு கூடிய டிஸ்க்கைக் கவனிக்க ஓர் ஆப்ஷன், மல்டிபாத்துக்கு (ஒரே டிஸ்க்குக்குப் போகும் பல பாதைகளை ஒன்றாகக் காட்டும் வசதி) ஓர் ஆப்ஷன் என்று வசதிகள் ஏராளம். கவலைப்பட வேண்டியது நீக்கும் ஆப்ஷன் பற்றி. ஸ்விட்சில் ஏதோ வேலை நடந்து ஒரு பாதை தற்காலிகமாக விழுந்திருக்கும் நேரத்தில் அதை ஓட்டினால், பதில் சொல்லாத டிஸ்க் எல்லாம் செத்ததாகக் கருதப்பட்டு வெளியேறலாம். புரொடக்ஷனில் சேர்ப்பதும் நீக்குவதும் ஒரே கட்டளையில் வரக் கூடாது. இன்னொன்று: டார்கெட்டில் லன் 0 மேப் ஆகாமல் இருந்தால் ஸ்கிரிப்ட் மற்ற லன்களைக் கண்டுபிடிக்காமல் போகலாம், முதன்முறை மேப் செய்யும்போது இரண்டு தரம் ஓட்ட வேண்டியும் வரலாம்.

மூன்றாவது, எஃப்சி (ஃபைபர் சேனல்) ஹோஸ்ட்டின் கீழ் உள்ள இஷ்யூ லிப் (issue_lip) ஃபைல். அதில் 1 எழுதினால் எச்பிஏ (சர்வரின் ஃபைபர் சேனல் கார்டு) லூப் இனிஷியலைசேஷனைக் கிளப்பும். பஸ் ரீசெட் போலத்தான். ஸோனிங்கில் (எது எதைப் பார்க்கலாம் என்ற ஸ்விட்ச் அமைப்பில்) புது டார்கெட்டே சேர்ந்து, அது தெரியாமல் இருந்தால் இது உதவும். கட்டளை உடனே திரும்பிவிடும், தேடல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததா என்று லாகைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பாதைகள் கொஞ்ச நேரம் அசையும் என்பதால் ஒரு எச்பிஏ முடிந்து, மல்டிபாத்தில் அதன் பாதைகள் திரும்பிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். வெறும் புது லன்னுக்கு இது தேவையே இல்லை.

எந்த வழியானாலும் மெமரி நெருக்கடியில் ஸ்கேன் வேண்டாம். விஎம்ஸ்டாட்டில் (vmstat) ஸ்வாப்பைக் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தால் தள்ளிப்போடுங்கள். ஃபைபர் சேனலுக்குப் பதில் ஐபி நெட்வொர்க்கில் ஓடும் ஐஸ்கஸி என்றால் ஐஸ்கஸிஏடிஎம் (iscsiadm) கட்டளையின் செஷன் ரீஸ்கேன் போதும்.

இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது லன் எண்ணை மறுபடி பயன்படுத்துவது. அரேயில் (ஸ்டோரேஜ் பெட்டியில்) லன் 5-ஐ எடுத்துவிட்டார்கள், சர்வரில் யாரும் அதை டிலீட் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிறகு வேறொரு வால்யூமை அதே 5-இல் மேப் செய்கிறார்கள். மூன்று கோடுகள் போட்டால், "5 ஏற்கெனவே இருக்கிறதே" என்று கர்னல் தாண்டிப் போய்விடும். பழைய எஸ்டி (sdb போன்ற டிஸ்க்) பெயருக்குக் கீழே இப்போது வேறு டேட்டா. எழுதினால் புது வால்யூம் கெடும். அதனால் அரேயில் எடுக்கும் முன்பே அன்மவுண்ட், மல்டிபாத் மேப் நீக்கம், பஃபர் ஃப்ளஷ் செய்து, பிறகு ஒவ்வொரு எஸ்டிக்கும் அதன் டிலீட் ஃபைலில் 1 என்று முடித்துவிட வேண்டும். நீக்குவதைக் கையால், ஒவ்வொன்றாக. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஸ்கேன் முடிந்ததும் மல்டிபாத் -எல்எல் (multipath -ll) பாருங்கள். இரண்டு எச்பிஏ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கன்ட்ரோலர் போர்ட் என்றால் ஒரே டபிள்யூடபிள்யூஐடியின் (டிஸ்க்கின் தனி அடையாள எண், WWID) கீழ் 4 பாதைகள் வர வேண்டும். இரண்டுதான் வந்திருந்தால் மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்து பயனில்லை, ஸோனிங்கையோ ஹோஸ்ட் மேப்பிங்கையோ சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்த டபிள்யூடபிள்யூஐடியை ஸ்டோரேஜ் டீம் கொடுத்த வால்யூம் ஐடியோடு ஒத்துப்பார்த்த பிறகு பிவிகிரியேட் (pvcreate, டிஸ்க்கை எல்விஎம்முக்குத் தயார் செய்யும் கட்டளை). அதுவும் எஸ்டி பெயரில் வேண்டாம், மல்டிபாத் தரும் மேப்பர் பெயரில்.